கேள்வி நேரம்: துப்பாக்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பவர்கள்

போன இதழில் ஜப்பானின் டகேஷி கிடானோ இயக்கி நாயகனாகவும் நடித்த ‘சொனாட்டின்’ (1993) பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். டோக்கியோ ரவுடி முரகாவாவை ஒகினாவா தீவுக்கு அனுப்புகிறார் அவன் தலைவர். அங்கே இரண்டு கும்பல்களுக்கு நடுவே சமரசம் பேச வேண்டுமாம். போன இடத்தில் ஆட்கள் செத்து விழுகிறார்கள். மிஞ்சியவர்களோடு ஒரு கடற்கரை வீட்டில் போய் ஒளிகிறான். அங்கே நாள்கணக்கில் ஒன்றும் நடப்பதில்லை. இதுதான் கதை. சிரிப்பும் வரும், பயமும் வரும், பாருங்கள் என்று முடித்திருந்தேன். பார்த்துவிட்டு எழுதிய கடிதங்களால் இந்த மாதம் பக்கம் நிரம்பிவிட்டது. சிபிஎப் (சேமநிதி), வீட்டு வாடகை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். படம் பார்க்காதவர்கள் கவனிக்க: கிளைமாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் கீழே போட்டு உடைத்திருக்கிறேன்.

ரவுடிப் படம் என்று சொன்னீர்கள். பாதிப் படம் மணலில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வந்ததுதான் மிச்சம். இதில் என்ன இருக்கிறது ஐயா?
— ஈசூன் வாசகர்

உங்களுக்காவது தூக்கம். நான் சிராங்கூன் சாலைப் பக்கம் வீடியோக் கடை வைத்திருந்த காலத்தில், இந்தப் படத்தின் விசிடியை எடுத்துப்போன ஒருவர் மறுநாளே திரும்பி வந்தார். “அண்ணே, டிஸ்க் கெட்டுப்போச்சு. படம் நின்னு நின்னு போகுது” என்றார். போட்டுப் பார்த்தேன். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. நாலு பேர் கேமராவைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறார்கள், அவ்வளவுதான். காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

சரி, அந்த மணல் விளையாட்டுக்கு வருவோம். என்னென்ன விளையாடுகிறார்கள் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். காகிதத்தில் சுமோ வீரர்களை வெட்டி, நிற்க வைத்து, பக்கத்தில் தட்டித் தட்டி ஆடவிட்டு மோத வைக்கிறார்கள். பிறகு அவர்களே மணலில் வட்டம் போட்டுக் காகித பொம்மைகளைப் போல விறைப்பாக நின்று சுமோ பிடிக்கிறார்கள். இரவில் இரண்டு அணியாகப் பிரிந்து ஒருவர்மேல் ஒருவர் வாணவேடிக்கைக் குழல்களைக் கொளுத்தி விடுகிறார்கள். அதன் நடுவில் முரகாவா மட்டும் நிஜத் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான். பகலில் மணலில் குழி தோண்டி மூடிவைத்து, கூட இருப்பவனைக் கூப்பிட்டு விழ வைக்கிறான். இன்னொரு நாள் பையன்கள் தலைமேல் பீர் கேனை வைத்துச் சுட்டுப் பழகுகிறார்கள். முரகாவா அதையும் கெடுத்து, ரிவால்வரை வைத்து ‘கல், காகிதம், கத்தரிக்கோல்’ ஆட வைக்கிறான், தோற்றவன் தலையில் வைத்துச் சுடுவதுதான் ஆட்டம்.

எல்லாமே சண்டைதான். குஸ்தி, போர், பொறி, துப்பாக்கி. வேறு ஏதாவது விளையாடத் தெரிந்தால்தானே? ஊரில் சம்பளத்துக்குச் செய்ததையே இங்கே குழந்தை மாதிரி செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், யாரும் சாவதில்லை. விழுந்தவன் எழுந்து மணலைத் தட்டிவிட்டுச் சிரிக்கிறான். இந்த ஆட்களை நமக்குப் பிடித்துப்போவது அப்போதுதான். பிடித்த பிறகு, விளையாட்டின் நடுவில், மீனவன் வேடத்தில் ஒருவன் நடந்து வந்து முரகாவாவின் ஆள் கெனின் தலையில் சுடுகிறான். பின்னணி இசை கிடையாது. ஓடுவது, கத்துவது ஒன்றும் கிடையாது. அந்த ஒரு நொடிக்காகத்தான் உங்களை அவ்வளவு நேரம் மணலில் உட்கார வைத்திருந்தார் கிடானோ. நீங்கள் தூங்கிவிட்டீர்கள்!

நான் தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணியில்) இருக்கிறேன். வார இறுதியில் நண்பர்களோடு பார்த்தேன். எங்கள் பிரிவைப் படம் எடுத்ததுபோல் இருந்தது என்றால் நம்புவீர்களா?
— செம்பவாங் வாசகர்

நம்புகிறேன் தம்பி. அடித்துப் பிடித்து ஓடிப்போய், பிறகு மணிக்கணக்கில் காத்திருப்பது எனக்கும் பழக்கம்தான். காவல் பணி இரவுகளில் கையில் ஆயுதமும் தலையில் ஒன்றுமில்லாமலும் உட்கார்ந்திருக்கும்போது ஆண்கள் எவ்வளவு முட்டாள்தனமான விளையாட்டுகளைக் கண்டுபிடிப்பார்கள் என்று வெளியே சொன்னால் வெட்கம். விவரம் எழுதினால் எங்கள் பழைய சார்ஜன்ட் இதைப் படித்துவிடுவார் என்று இன்றும் பயமாக இருக்கிறது.

ஆயுதம் ஏந்தியவன் வாழ்க்கையில் முக்கால்வாசி காத்திருப்புதான். ரவுடிப் படங்கள் அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சக் கால்வாசியைக் காட்டும். கிடானோ அந்தக் கால்வாசியைத்தான் வெட்டியிருக்கிறார். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்காதீர்கள். உங்களுக்கு முடியும் தேதி தெரியும். முரகாவாவின் ஆட்களுக்குத் தெரியாது. முரகாவாவுக்கு மட்டும் ஏறக்குறைய தெரியும். அவன் வசூல் வட்டாரம் கொழுத்துப்போய்விட்டது, அதன்மேல் தலைவருக்குக் கண். சமரசம் என்பது சாக்கு. ஒகினாவாவுக்குக் கிளம்பும் முன்பே கழிப்பறையில் வைத்துத் தலைவரின் வலது கையாக இருந்தவனைப் பின்னியெடுத்தவன் அவன்.

ஆரம்பத்தில் ஒருவரைக் கிரேனில் கட்டிக் கடலில் முக்குகிறார்களே, அங்கே நான் சிரித்துவிட்டேன். மனைவி முறைத்தாள். “உங்களுக்கு என்ன ஆச்சு?” என்றாள். எனக்கு என்ன ஆச்சு?
— தெம்பனிஸ் வாசகர்

ஒன்றும் ஆகவில்லை. உங்களைச் சிரிக்க வைக்கத்தான் அது. மாட்டியவர் மஹ்ஜோங் சூதாட்ட விடுதி நடத்துபவர், மாமூல் தர மறுத்தவர். அவரை நீருக்குள் இறக்கிவிட்டு, எத்தனை நிமிடம் தாங்குவார் என்று பேச ஆரம்பிக்கிறார்கள். பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. மேலே தூக்கிப் பார்த்தால் ஆள் செத்திருக்கிறார். ‘அட, போய்ட்டானா’ என்கிற அளவில் ஒரு முகபாவம். பிறகு மேற்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள். கூட்டத்தில் ஒரு தீர்மானம் தவறிப்போனால் அலுவலகத்தில் இருக்கும் அளவு வருத்தம்கூட அவர்களிடம் இல்லை.

கிடானோ அடிப்படையில் சிரிப்பு நடிகர் என்பதை மறந்துவிடக் கூடாது. டோக்கியோவின் அசாகுசா வட்டாரத்தில் ஒரு கேளிக்கை அரங்கில் லிப்ட் இயக்கும் பையனாக ஆரம்பித்தவர். அப்புறம் ‘டூ பீட்’ என்ற இரட்டையரில் ஒருவராக ஜப்பான் முழுக்கப் புகழ்பெற்றார். ‘மன்சாய்’ என்ற அந்த வகையில் இரண்டு பேர் நின்றுகொண்டே படபடவென்று பேசுவார்கள். ஒருவர் உளறுவார், மற்றவர் மண்டையில் தட்டித் திருத்துவார். கவுண்டமணி செந்திலை வைத்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வித்தையில் உயிர் எங்கே இருக்கிறது என்றால், அடி எப்போது விழுகிறது என்பதில். கிடானோ இங்கே பேச்சைப் பிடுங்கிவிட்டு நேரக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டார். படத்தொகுப்பும் அவரே செய்தார். அடி விழுவதற்கு முன் ஒரு ஷாட், விழுந்த பின் ஒரு ஷாட், நடுவில் இருக்க வேண்டியது இல்லை. அந்த ஓட்டையில்தான் நீங்கள் சிரித்தீர்கள். மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். சமாதானம் ஆவார் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

லிப்ட் பையன் என்றேனே, படத்தின் கடைசிப் பகுதியில் லிப்டுக்குள் நடக்கும் துப்பாக்கிச் சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். குனிய இடமில்லை, ஓட இடமில்லை. எல்லாரும் தளம் வருவதற்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றபடியே சுடுகிறார்கள்.

கிடானோவின் முகம் அசையாமல் இருப்பது விபத்தால் என்று படித்தேன். அப்படியென்றால் அதை நடிப்பு என்று எப்படிப் பாராட்டுவது?
— பொங்கோல் வாசகி

தேதியைப் பாருங்கள் அம்மா. விபத்து நடந்தது 1994 ஆகஸ்டில். ஸ்கூட்டர் ஓட்டிப்போய் மோதி, முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்தது. ‘சொனாட்டின்’ அதற்கு முந்தைய ஆண்டு, 1993லேயே வந்துவிட்டது. நீங்கள் பார்த்த கல் முகம் அவராகச் செய்துகொண்டது. பின்னால் வந்த ‘ஹனா-பி’யில் (1997) பார்ப்பதுதான் விபத்துக்குப் பிந்தைய முகம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இந்தப் படத்தில் அவர் சிரிக்கிறார், அதுவும் கடற்கரையில் நிறையவே சிரிக்கிறார். ரிவால்வர் விளையாட்டின் கடைசியில் துப்பாக்கியைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பாரே, குண்டே போடாத துப்பாக்கி அது. கூட இருந்த இரண்டு பையன்களுக்கும் அது தெரியாது. பார்க்கும் நமக்கும் தெரியாது.

‘டகேஷிஸ் காசில்’ டகேஷியா இவர்?
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

அவரேதான். கோட்டையின் பிரபு. 1986ல் ஜப்பானில் தொடங்கிய டிவி விளையாட்டு நிகழ்ச்சி அது. ஊரில் இந்தி வர்ணனையோடு பார்த்த தலைமுறை இங்கே வேலைக்கு வந்திருக்கிறது என்பது இந்த ஒரே கேள்வியை ஏழெட்டுப் பேர் கேட்டிருப்பதில் தெரிகிறது. சேற்றில் விழுபவர்களைப் பார்த்துச் சிரித்தீர்களா? மணல் குழியில் விழுபவர்களைப் பார்த்தும் சிரியுங்கள். ஒரே ஆள், ஒரே குறும்பு.

படத்தில் வரும் மியுகி என்ற பெண்ணுக்கு என்ன வேலை? எல்லாரும் புகழ்கிறார்கள், எனக்கு அந்த ஒரு விஷயம் நெருடிக்கொண்டே இருந்தது.
— கிளமெண்டி வாசகி

நெருட வேண்டியதுதான். அவளை நாம் முதலில் சந்திப்பதே ஒருவன் அவளைப் பலவந்தப்படுத்தும்போது. முரகாவா தள்ளி நின்று பார்க்கிறான், தடுக்கவில்லை. அந்த ஆள் இவன்மேல் பாய்ந்த பிறகுதான் சுடுகிறான். அடுத்து அவள் இவர்களோடு ஒட்டிக்கொள்கிறாள். சட்டென்று ஆளைச் சுட்டுவிடும் தைரியம் அவளுக்குப் பிடித்திருக்கிறதாம். இந்தப் பெண் எங்கிருந்து வந்தாள், அவளுக்கு வீடு உண்டா, இரவில் எதை நினைத்துக்கொள்வாள், எதுவும் நமக்குச் சொல்லப்படுவதில்லை. ரவுடிகளுக்கு ஆளுக்கு ஒரு பைத்தியக்காரத்தனத்தைக் கொடுத்த இயக்குநர், அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. காட்சிக்கு அழகாக நிற்கிறாள், மழையில் நனைகிறாள், கடைசியில் சாலையோரம் காத்திருக்கிறாள். நடித்த அயா கொகுமாய் மேல் குற்றமில்லை. எழுத்தில் உள்ள ஓட்டை.

ஆனாலும் படத்தின் முக்கியமான பேச்சு அவளால்தான் நடக்கிறது. சாவுக்குப் பயமில்லாதவன் என்று அவள் இவனை வியக்கிறாள். இவனோ, பயம் முற்றிப்போனால் செத்துவிடலாம் போல ஆகிவிடும் என்கிற மாதிரி ஒரு பதில் சொல்கிறான். அவள் கேட்காமல் இருந்திருந்தால் அந்த ஆள் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான்.

நிஜ யகூசாக்கள் (ஜப்பானிய ரவுடிக் கும்பல்காரர்கள்) இப்படித்தான் இருப்பார்களா?
— புக்கிட் பாத்தோக் வாசகர்

எனக்கு யாரையும் பழக்கமில்லை, முருகன் காப்பாற்றினான். சினிமா யகூசாவைப் பற்றிச் சொல்லலாம். 1960களில் தோயே படநிறுவனம் எடுத்த படங்களில் அவன் சொன்ன சொல் தவறாத வீரன். 1973ல் கின்ஜி புகாசாகு வந்து, எல்லாம் காட்டிக்கொடுக்கும் கூட்டம் என்று தலைகீழாகக் காட்டினார். கிடானோவின் முதல் படமான ‘வயலன்ட் காப்’பை (1989) இயக்க இருந்தவரே இந்தப் புகாசாகுதான். அவர் விலகியதால் நாயகனாக நடிக்க வந்த கிடானோ இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய யகூசா வீரனும் இல்லை, கயவனும் இல்லை. வேலை அலுத்துப்போன நடுவயதுக்காரன். தொழிலை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று முரகாவா காரில் சொல்லும்போது, கையில் காசு அதிகம் சேர்ந்துவிட்டதோ என்கிறான் கென். வடபழனியிலோ தேக்காவிலோ கேட்கக்கூடிய பதில்.

அந்த அலுப்புக்குக் காலமும் ஒரு காரணம். ஜப்பானில் நிலம், பங்கு விலைகளை ஊதிப் பெருக்கிய பணக் குமிழி உடைந்திருந்தது. கும்பல்களை ஒடுக்கும் தனிச் சட்டம் 1992 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு, யகூசாக்களைக் கிண்டல் செய்து படம் எடுத்த இயக்குநர் ஜூசோ இதாமியின் முகத்தை அவர் வீட்டருகிலேயே கத்தியால் கீறினார்கள். எனவே அலுத்துப்போனவர்கள் ஆபத்தில்லாதவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிவியில் இந்தப் படத்தைப் போட்டதும் என் பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். “ஜப்பான்காரன் மூஞ்சியை இந்த வீட்டில் காட்டாதே” என்றார். என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது?
— தோ பாயோ வாசகி

ஒன்றும் சொல்லாதீர்கள். 1942 பிப்ரவரி 15ல் இந்தச் சிங்கப்பூர்த் தீவு ஜப்பானியரிடம் விழுந்தபோது உங்கள் பாட்டி குழந்தையாக இருந்திருப்பார், அல்லது வீட்டில் சொல்லக் கேட்டே வளர்ந்திருப்பார். மரவள்ளிக்கிழங்கு தின்ற கதையும், ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் கதையும் இல்லாத பழைய மலாயாத் தமிழ்க் குடும்பம் எது? எங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பாவின் படம் மாலையோடு தொங்கியது. அவர் இறந்த நாள் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு ஒரு படத்தைப் பார்க்காமல் இருக்கும் உரிமை உண்டு. நீங்கள் இயர்போன் போட்டுக்கொண்டு அறையில் பாருங்கள்.

உங்களுக்காக ஒரு செய்தி. போர் முடிந்த பிறகு, 1947ல் பிறந்தவர் கிடானோ. ஆனால் அவர் பேர் வாங்கிய முதல் பெரிய பாத்திரம் ஒரு ஜப்பானியச் சார்ஜன்ட். நகிசா ஓஷிமா இயக்கிய ‘மெரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்’ (1983), ஜாவாவில் இருந்த கைதிகள் முகாமைப் பற்றியது. கைதிகளைப் பிரம்பால் விளாசும் ஹாராவாக இவர் வருவார். படம் வந்ததும் ரசிகர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்கத் தியேட்டருக்குப் போனாராம். திரையில் இவர் முகம் வந்ததும் கொல்லென்று சிரிப்பு. டிவி கோமாளிதானே! இனி கொடூரமான, கனமான பாத்திரங்களில்தான் நடிப்பேன் என்று அன்றைக்கு முடிவு செய்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்பை அடக்க அவருக்குப் பத்து வருடம் பிடித்தது. அடக்கிய பிறகு, தான் நினைத்த இடத்தில் மட்டும் சிரிக்கவிட்டார்.

இசை யார்? எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே.
— செங்காங் வாசகி

ஜோ ஹிசாய்ஷி. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ‘டோடோரோ’வில் கேட்டிருப்பீர்கள். மியாசாகியின் கார்ட்டூன்களுக்கு இசையமைத்த அதே கைதான். கிடானோவோடு 1991 முதல் 2002 வரை ஏழு படங்கள். இங்கே ஒரு சின்னப் பியானோத் துணுக்கைச் சுற்றிச் சுற்றி வர விடுகிறார். அலை மாதிரி என்று எழுதத் தோன்றுகிறது, கடற்கரைப் படம் என்பதால் வேண்டாம். இசை இல்லாத இடங்கள் எவை என்று இன்னொரு தடவை பார்க்கும்போது குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் துப்பாக்கி வெடிக்கும்.

எதிரிகள் எல்லாரையும் முடித்துவிட்டான், பெண் காத்திருக்கிறாள், சாலை காலியாக இருக்கிறது. அப்புறம் எதற்குத் தன்னையே சுட்டுக்கொள்கிறான்? கோபம் கோபமாக வந்தது.
— அங் மோ கியோ வாசகர்

கோபம் நியாயம்தான். நம்மூர்ப் படமாக இருந்தால் அந்த ஹோட்டல் சண்டைக்கே அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். இங்கே அது நமக்குக் காட்டப்படவே இல்லை. மின்சாரம் போகிறது, ஹோட்டல் இருட்டாகிறது, வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு ஜன்னல்களில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் மட்டும். முன்பு கடற்கரையில் பார்த்த வாணவேடிக்கைதான் இதுவும். இப்போது விழுபவர்கள் எழுவதில்லை.

தற்கொலைக்கு வருவோம். இது கடைசி நிமிடத் திருப்பம் என்று நினைத்தால்தான் கோபம் வரும். ரிவால்வர் விளையாட்டுக்குப் பிறகு அவனுக்கு ஒரு கனவு வருகிறதே, அதில் துப்பாக்கி நிஜமாகவே வெடிக்கிறது, அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கே அவன் போய்விட்டான் என்பது என் கட்சி. மிச்சமிருந்தது கணக்குத் தீர்ப்பது மட்டும். தலைவருக்கும் பாக்கி, செத்த பையன்களுக்கும் பாக்கி. தீர்த்தாயிற்று. மியுகியிடம் போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு வீடு, இன்னொரு காத்திருப்பு, ஏதாவது ஒரு நாள் இன்னொரு மீனவன். பயந்துகொண்டே இருப்பது எப்படி இருக்கும் என்று அவளிடம் அவன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். என் மகளுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. “போயிருக்கலாம்ப்பா, அவ நின்னுக்கிட்டே இருக்கா” என்கிறாள். அவள் கட்சிக்கு நீங்களும் சேரலாம்.

ஜப்பானில் இந்தப் படம் ஓடியதா? தமிழில் இதுபோல் உண்டா? என் 15 வயது மகன் பார்க்கலாமா? எங்கே பார்ப்பது?
— உட்லண்ட்ஸ் வாசகர்

ஒரே தபாலில் நாலு கேள்வி, சரி. ஜப்பானில் ஓடவில்லை. 1993ல் கான் திரைப்பட விழாவின் ‘அன் சர்ட்டன் ரிகார்ட்’ பிரிவில் காட்டினார்கள். வெளியே பேச்சு கிளம்பியது அங்கிருந்துதான். அமெரிக்காவில் குவென்டின் டரன்டினோவின் விநியோக நிறுவனம் 1998ல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ‘ஹனா-பி’ வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியிருந்ததால் அதற்குள் பெயர் பரவியிருந்தது.

தமிழில் எனக்குத் தோன்றுவது ‘ஆரண்ய காண்டம்’ (2011). ஆனால் அதில் எல்லாரும் பேசித் தீர்க்கிறார்கள், இதில் பேச்சே கிடையாது. கிடானோவின் வாசனை வேண்டுமென்றால் மிஷ்கினின் ‘நந்தலாலா’வைப் பாருங்கள், அதன் வேர் கிடானோவின் ‘கிகுஜிரோ’ (1999).

மகனுக்கு இப்போது வேண்டாம். ரத்தத்தைவிட அந்தப் பலவந்தக் காட்சிக்காகச் சொல்கிறேன். அவனுக்கு அந்தக் ‘கிகுஜிரோ’வையே போடுங்கள். அம்மாவைத் தேடிப் போகும் சிறுவனும், உருப்படாத ஒரு நடுவயது ஆளும். நீங்களும் கூட உட்காரலாம். பெரிய திரையில் பார்க்க வேண்டுமென்றால், கோல்டன் மைல் டவரில் இருந்த ‘புரொஜெக்டர்’ தியேட்டர் 2025 ஆகஸ்டில் மூடிவிட்டது. கேனிங் ரைஸில் ஆசியத் திரைப்படக் காப்பகம் நடத்தும் ஓல்டம் தியேட்டரின் அட்டவணையையும், ஜப்பானியத் திரைப்பட விழாவின் அட்டவணையையும் அவ்வப்போது பார்த்துவையுங்கள். கிடானோ படம் அறிவித்தால் இந்தப் பக்கத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், நானும் டிக்கெட் எடுக்க வேண்டும்.